சுண்டுவிரல் ஓரம்

கண்ணை மூடிக்கிடுங்க அண்ணாச்சி என்று ஆஸ்பத்திரியில் எஸ்தர் மேடம் சொன்னதும் மூடிக்கொண்டேன். மூடிய மாத்திரத்தில் கல் வந்து நின்றது, வேறு எது வரும், பதினாறு வருஷம் மைதீன் பாய் கடை வாசலில் தெருவைப் பார்த்தபடி நான் நின்ற பரோட்டாக் கல், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், எண்ணெய் எப்போதும் கிழக்கே ஓடும், அதற்காக ஓட்டுச் சில்லு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன், இப்போது நிற்கிற ஆள் அதை எடுத்து எறிந்திருப்பான். எறிந்தால் எறியட்டும். இப்போது கையைக் கவனிக்க வேண்டும், கண்ணால் இல்லை, கையாலேயே கையைக் கவனிக்க வேண்டும். வலது கை மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது, கீழே மடித்த துண்டு. மேடம் கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் மெல்லிய நைலான் இழை. இழை வளைகிறவரை கையில் ஓர் இடத்தில் அழுத்துவார், தொட்டது தெரிந்தால் அந்த இடத்தை நான் இடது கை விரலால் காட்ட வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. பச்சைப் பிடியில் இருப்பது மிக மெல்லிசு, அப்புறம் நீலம், ஊதா, சிவப்பு என்று இழை தடித்துக்கொண்டே போகும். பெருவிரல், ஆள்காட்டி விரல் எல்லாம் எப்போதுமே தேறிவிடும், தோற்பது சுண்டுவிரல் பக்கம். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் அடிவரை கை ஓரமாகப் போகிற சதை இருக்கிறதே, அது ஆறு மாதமாக என்னுடையதே இல்லை, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான். அங்கே உணர்ச்சி திரும்புகிறது என்றால் கல்லுக்குப் போகலாம் என்று மேடம் எழுதித் தருவார், இல்லையென்றால் நெருப்புப் பக்கமே தலைகாட்டக்கூடாது. பாய் நல்ல மனுஷர், கல்லாவில் உட்காருங்க மாஸ்டர், அதுவும் நம்ம கடைதானே என்கிறார். கல்லாவில் உட்கார்ந்து அடுத்தவன் பரோட்டா அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பெருவிரல் தெரிகிறது, காட்டினேன். ஆள்காட்டி தெரிகிறது, காட்டினேன். காலையில் பேருந்து நிலையத்தில் என் வீட்டுக்காரி பேச்சி கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தாள், இந்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து பசி என்றால் அப்படியொரு பசி, கால் கிலோவும் ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் காலி, பாகு வழிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பேச்சி இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நினைத்தால் சிரிப்பு வருகிறது, சூடு தெரியாததை வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வெந்த பரோட்டாவை ஏழெட்டாக அடுக்கி, இரண்டு கை ஓரத்தாலும் பக்கவாட்டில் படபடவென்று அடிக்க வேண்டும், அப்போதுதான் இதழ் இதழாகப் பிரியும். புதுசாக வருகிறவன் இரண்டு அடி அடித்துவிட்டுக் கையை உதறுவான், வாயால் ஊதுவான், நானும் ஒரு காலத்தில் ஊதியவன்தான். அப்புறம் ஊதவில்லை. எந்த நாளிலிருந்து ஊதவில்லை என்று டாக்டர் கேட்டபோது முழித்தேன். வலி வந்த நாள் யாருக்கும் நினைவிருக்கும், வலி நின்ற நாளை யார் குறித்து வைப்பார்கள். கை பழகிவிட்டது, தொழில் கைக்குள் இறங்கிவிட்டது என்று மீசையைத் தடவிக்கொண்டேன். இடது கை சூடு தாங்காமல் சிணுங்கும், வலது கை கம்மென்று இருக்கும், அட, வலது கைக்குத்தான் வித்தை ஏறியிருக்கிறது என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னேன். ஒருநாள் கல்லின் விளிம்பில் கை ஓரத்தை ஊன்றியபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன், கருகின வாசம் வந்தது, சால்னா அடிப்பிடித்துவிட்டது என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். கருகியது நான். சாப்பிட வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அதை ஃபோனில் படம் பிடித்து, சூடு அறியாத மாஸ்டர் என்று பேர் வைத்துப் போட்டுவிட்டாள். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள், பாய் கடைக்குக் கூட்டம் பிதுங்கியது, என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்த நான்கு லட்சம் பேரில் ஒருத்தர் மட்டும் படத்தைப் பார்த்துப் பதறியிருக்கிறார். அவர்தான் இந்த எஸ்தர் மேடம், ஆஸ்பத்திரியில் கை கால் உணர்ச்சி பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, இரண்டு பரோட்டா வாங்கிப் பிய்த்துப் போட்டபடியே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மை ரசிக்கிற ஆள் போலிருக்கிறது என்று ஒரு கரண்டி சால்னா கூட ஊற்றினேன். கையைக் காட்டுவீங்களா என்றார், காட்டினேன், முழங்கை உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். எத்தனை தடவை தொட்டேன் என்றார். ஒரு தடவை என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் கை ஓரம் முழுக்கப் பேனாவின் நீலப் புள்ளி, எட்டோ ஒன்பதோ. என் கையில் என்னைக் கேட்காமல் யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பது போல அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன், தோசைக்கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில், பயப்பட ஒன்றுமில்லை, மருந்து இருக்கிறது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். பரோட்டா அருமை என்றும் சொல்லிவிட்டுப் போனார், அதை மட்டும் நான் இன்றைக்கு வரைக்கும் நம்புகிறேன்.

உள்ளங்கை நடுவில் தொட்டார், தெரிந்தது, காட்டினேன். தொழுநோய் என்று டாக்டர் சொன்னபோது அந்தச் சொல்தான் முதலில் உறைத்தது, கை இல்லை. ஊர் நினைவுக்கு வந்தது, கடை நினைவுக்கு வந்தது, என் கையால் சாப்பிட்ட அத்தனை பேரின் வாயும் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டால் பரவாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளாது, மருந்து விழ ஆரம்பித்துவிட்டால் மூச்சாலும் பரவாது என்று டாக்டர் வரிசையாகச் சொல்கிறார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பேச்சி ஒன்றே ஒன்று கேட்டாள், இவங்க தட்டில நான் சாப்பிடலாமா டாக்டர் என்று. தாராளமாக என்றார். அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் இரண்டு தட்டு வாங்கி வந்தேன், ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு என் தட்டிலேயே கை வைத்தாள், அப்போதுதான் டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு ஏறியது. நூறு பேருக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடம்பு இந்தக் கிருமியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுமாம், பேச்சி உடம்பு அந்த ரகம், இருந்தாலும் இருக்கட்டும் என்று அவளுக்கும் ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் என்னை உள்ளே விட்டவள் கிருமியை விடவில்லை, ஆள் பார்த்துத்தான் விடுகிறாள். என் உடம்பு அப்படியில்லை, வந்தவனுக்கெல்லாம் பெஞ்சு போட்டு உட்கார வைக்கிற உடம்பு. வந்த கிருமியாவது சுறுசுறுப்பானதா, உலகத்திலேயே சோம்பேறி இதுதான் என்கிறார் மேடம். பேதி உண்டாக்குகிற கிருமி இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிவிடுமாம், இது ஒன்று இரண்டாக இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும், இப்படி ஓர் ஆளை நான் வேலைக்கு வைத்திருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன். எப்போது வந்து புகுந்தது என்றே தெரியாது, ஐந்து வருஷம் ஆகியிருக்கலாம், பத்தும் ஆகியிருக்கலாம். குளிர்ந்த இடம்தான் பிடிக்குமாம், காது மடல், மூக்கு, முழங்கை. நாள் முழுக்க நெருப்பு முன்னால் நிற்கிற ஒருவன் உடம்பில் குளிர்ந்த இடம் தேடி முழங்கை நரம்புக்குள் பாய் விரித்துப் படுத்த அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது.

கிருமியை மருந்து கொன்றுவிட்டது, அதில் பழுதில்லை, அதற்குப் பிறகுதான் கூத்து. அத்தனை வருஷம் தூங்கிய என் உடம்பு, கிருமியெல்லாம் செத்துக் கிடக்கும்போது முழித்துக்கொண்டது. ஆகா, எதிரி என்று நரம்புக்குள் புகுந்து பிணங்களோடு சண்டை போட ஆரம்பித்தது. கடையில் ஒருதரம் இப்படி நடந்திருக்கிறது, தகராறு செய்தவர்கள் போய் அரை மணி கழித்து வந்த போலீஸ் ஆளில்லாத பெஞ்சை உடைத்துவிட்டுப் போனது. முழங்கை நரம்பு வீங்கி வலித்தது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் தன்னால் மடங்கின, மிச்சம் இருந்த உணர்ச்சியும் அந்தச் சண்டையில்தான் போனது. கிருமி எடுத்தது பாதி, என்னைக் காப்பாற்ற வந்த என் உடம்பே எடுத்தது பாதி. அந்தச் சண்டையை அமர்த்தத்தான் பசி கிளப்புகிற இந்த மாத்திரை. வெளியே யாரோ வாளியை நகர்த்துகிறார்கள். நான் உடம்போடு கோபித்துக்கொள்ளவில்லை, பாவம், அதுவும் எனக்காகத்தானே அடித்துக்கொண்டது, முழங்கையைத் தடவியபடி, போதும்டா, அவன் செத்துட்டான், கம்பைக் கீழே போடு என்று தினமும் காலையில் சொல்வேன். பேச்சி யாரோடு பேசுகிறீர்கள் என்பாள், சொந்தக்காரனோடு என்பேன். தோலைக் கறுக்க வைக்கிற மாத்திரையும் ஒன்று உண்டு, முகம் கல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது, கறுத்தாலும் களையாத்தான் இருக்கீங்க என்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மேடம் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. இதுதான், இந்த மூச்சுதான் போன மாதம் என்னைக் கெடுத்தது. இழையை அழுத்துவதற்கு முன்னால் மேடம் மூக்கால் மெல்ல மூச்சிழுப்பார், அது அவருக்கே தெரியாது. தொடுகிற வரிசையும் எனக்கு மனப்பாடம், பெருவிரல், ஆள்காட்டி, உள்ளங்கை, பிறகு சுண்டுவிரல் நுனி, அதன் அடி, கை ஓரம். பன்னிரண்டு மேசை ஆர்டரைத் தலைக்குள் வைத்துப் பதினாறு வருஷம் பரோட்டா போட்டவனுக்கு ஆறு இடம் ஒரு பெரிய காரியமா. மூச்சு கேட்டால் அடுத்த இடத்தைக் காட்டிக்கொண்டே வந்தேன், அத்தனையும் தேறிவிட்டேன். எல்லாம் தெரிஞ்சுது பேச்சி என்று வெளியே வந்து சொன்னேன், அவள் அங்கேயே நின்று பாய்க்கு ஃபோன் போட்டாள், நான் ஒரு வாரம் ராஜா மாதிரி நடந்தேன். எட்டாம் நாள் வீட்டில் நான்தான் சாதம் வடித்தேன், கை ஓரத்தில் கஞ்சி கொட்டியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, கொப்புளத்தைப் பார்த்தது பேச்சிதான். எல்லாம் தெரிந்த கை கொதிக்கிற கஞ்சியை எப்படி அறியாமல் போனது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எதிர்த்துப் பேசிச் சமாளித்திருப்பேன். அவள் கேட்காமல் களிம்பு தடவித் துணி சுற்றிவிட்டு, மிச்சச் சாதத்தையும் தானே வடித்தாள். அன்றையிலிருந்து அந்த மௌனம் என்னோடு சாப்பிட உட்காருகிறது, என்னோடு பஸ்ஸில் வருகிறது. இப்போதும் மூச்சு கேட்டுவிட்டது, அடுத்தது சுண்டுவிரல் நுனி, இடது விரல் தானாக எழும்புகிறது, காட்டினால் கல், காட்டாவிட்டால் கல்லா. விரலை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"மேடம், போன தடவை நான் சொன்னது பொய்" என்றேன், கண்ணைத் திறக்காமலே. கண்ணைத் திறந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மேடம் பிடியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் அண்ணாச்சி. போன தடவை நடுவுல மூணு இடத்துல இழையைக் கிட்டக் கொண்டு வந்தேன், தொடவே இல்லை. நீங்க அந்த மூணையும் காட்டினீங்க" என்றார். கோபமில்லாத குரல், அதுதான் கஷ்டமாக இருந்தது. தெரிந்ததால்தான் மாத்திரையைக் குறைக்காமல் விட்டாராம், நான் சொன்னதை நம்பிக் குறைத்திருந்தால் விரல் இன்னும் மடங்கியிருக்கும் என்றார். சரி, இன்றைக்கு முதலிலிருந்து செய்வோம், வரிசையை மாற்றுகிறேன், தெரியாத இடத்தில் சும்மா இருங்கள், தெரியவில்லை என்பதும் எனக்கு வேண்டிய பதில்தான் என்றார். மனசு லேசாகிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது, இந்த வயசில் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டதை நினைத்துச் சிரிப்பும் முட்டியது.

முதலிலிருந்து தொடங்கினார். தெரிந்தது, காட்டினேன். தெரிந்தது, காட்டினேன். பிறகு மூச்சு கேட்டது, ஒன்றும் தெரியவில்லை, சும்மா இருந்தேன். மறுபடி மூச்சு, ஒன்றும் இல்லை. பிடி மாற்றுகிற சத்தம், தடித்த இழையை எடுத்திருக்கிறார், மூச்சு, ஒன்றும் இல்லை, சும்மா இருந்தேன். சும்மா இருப்பது இத்தனை கஷ்டம் என்று யாரும் சொன்னதில்லை. கண்ணுக்குள் கல் மெல்லத் தள்ளிப் போகிறது, நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறேன், எவனோ பரோட்டாவைப் பொத்துப் பொத்தென்று அடிக்கிறான், அப்படி இல்லையடா என்று எழுந்திருக்கிறேன், பாய் தோளில் கை வைத்து உட்கார வைக்கிறார். எதையாவது நினைக்க வேண்டும் என்று இந்த அறையை நினைத்தேன், வரும்போது பார்த்தது, மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், கடையில் சீனி அலமாரிக்கு நாங்கள் செய்கிற ஏற்பாடுதான், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது, சொல்ல நினைத்து மறந்துவிட்டேன். இன்னொரு மூச்சு, ஒன்றும் இல்லை. மேடம் ஏதோ எழுதுகிறார், பேனா ஓடுகிறது. அந்த நேரத்தில்தான், கை ஓரத்தில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, என்னவோ. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒன்று. கூச்சம் என்றும் சொல்ல முடியாது. இல்லை, ஒன்றும் இல்லை, ஆசையாக இருக்கும், ஆசைக்குக் கையும் காலும் முளைக்கும் என்று எனக்குத் தெரியாதா. இருக்கிறது. நகர்கிறது. நைலான் இழை நகராதே, தொட்டுவிட்டு எடுத்துவிடுவாரே, தடவுகிறாரா, இது என்ன புதுசாக. மூச்சும் கேட்கவில்லை, பேனா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் தொடுவது யார். பொய் சொல்லிச் சொல்லிக் கையும் பொய் சொல்லப் பழகிவிட்டதோ. இல்லை, தெரிகிறது, சுண்டுவிரலைப் பார்த்துப் போகிறது, சத்தியமாகத் தெரிகிறது. இடது கையைத் தொடைக்கடியிலிருந்து எடுத்து, அந்த இடத்துக்கு நேரே காட்டினேன்.

பேனா நின்றது. "மறுபடியுமா அண்ணாச்சி" என்றார் மேடம். "நான் எழுதிக்கிட்டிருக்கேன். இன்னும் தொடவே இல்லை."

பொய் சொன்னபோது வராத அழுகை உண்மை சொன்னபோது வந்தது. இல்லை மேடம், தெரியுது, இந்தா இப்பவும் தெரியுது என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தேன். கை ஓரத்தில், மிட்டாய்ப் பாகு காய்ந்து மினுங்கிய தடத்தில், அந்தப் பாகு ஒட்டியிருந்ததே எனக்குத் தெரியாது, ஒரு செவ்வெறும்பு போய்க்கொண்டிருந்தது. தனியாக, அவசரமில்லாமல், நின்று நின்று முகர்ந்துகொண்டு. மேடம் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எறும்பைப் பார்த்தார். அவருடைய இழைகளெல்லாம் அதற்கு முன்னால் என்ன, ஓர் எறும்பின் காலுக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது. அதை ஊதிவிடப் போகிறாரோ என்று பயந்துபோனேன், ஆனால் அவர் மெதுவாகப் பேனாவை எடுத்து, கண்ணை மூடுங்க அண்ணாச்சி, அது எங்கே போகிறதென்று நீங்கள் சொல்லுங்கள் என்றார். மூடினேன். இப்போது கல் வரவில்லை, கை மட்டும்தான் இருந்தது. தெரியுது மேடம், மேலே ஏறுது, சுண்டுவிரல் அடிக்கு வந்துட்டு, நிக்குது. இப்போ தெரியலை. தெரியலை. விரலுக்குள்ள போயிட்டு போல. இன்னும் தெரியலை. இந்தா, திரும்பிட்டு, வந்துட்டு, இங்கனதான் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் மேடம் என் கையிலேயே பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வந்தார், பேனா முனை போகிற தடமும் தெரிந்தது. கடையில் என் கையில் விழுந்த அதே நீல மை, அன்றைக்கு ஒன்றும் சொல்லாத சதை இன்றைக்கு ஒன்று விடாமல் சொல்லியது. இவ்வளவு நேரம் நான் தொட்டது விரலைத்தான், அது இன்னும் பாக்கி, கை ஓரம் திரும்ப ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ரெண்டு மாசம் இப்படியே மேல வந்தா எழுதித் தாரேன் என்றார். இரண்டு மாதம் என்ன, இரண்டு மாதம் நான் கல்லாவில் தலைகீழாகக்கூட உட்காருவேன்.

அப்போது எறும்பு கடித்தது. சுருக்கென்று, ஊசி ஏற்றியது போல, கை ஓரத்திலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு ஓட்டம். என்னை மறந்து அலறிவிட்டேன், கையை உதறினேன், வாயால் ஊதினேன். ஊதுகிறேன் என்பது ஊதும்போதுதான் தெரிந்தது. வெளியே பெஞ்சு நகர்ந்தது, கதவைத் தள்ளிக்கொண்டு பேச்சி வந்தாள், என்ன ஆச்சு என்று என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை நீட்டினேன், நீலக் கோடுகளுக்கு நடுவே கடுகளவு ஒரு சிவப்புத் தடிப்பு. போன மாதம் கொப்புளம் வந்த அதே இடம். அவள் அதை உற்றுப் பார்த்தாள், பெருவிரலால் லேசாக அமுக்கினாள், பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்கா?" என்றாள்.

"வலிக்கு பேச்சி" என்றேன். "நல்லா வலிக்கு."